மதிப்பெண் எதற்கு என்ற கேள்வி: டர்பன் வட்டார மின்பொறியியல் பட்டயப் படிப்பு ஒன்றின் மறுவடிவமைப்பு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மின்பொறியியல் துறை, தன் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை அடியோடு மாற்றி அமைத்ததை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. அத்துறையின் ஆலோசனைக் குழுவில் தொழிற்சாலைகளின் சார்பில் அமர்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. சொல்லப்போகும் குறைகள் அந்தத் துறைக்கு மட்டும் உரியவை அல்ல. தென்னாப்பிரிக்காவின் தொழில்நுட்பக் கல்வி முழுவதிலும் ஏதோ ஒரு வடிவில் காணக் கிடைப்பவை. பட்டதாரிக்கு வேலை கிடைக்கவில்லை என்றதும் பாடப்பட்டியலில் புதிதாக எதைச் சேர்க்கலாம் என்றுதான் எல்லாரும் யோசிக்கிறார்கள். இந்தத் துறையும் முதலில் அப்படித்தான் யோசித்தது. எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்ற கேள்வியைக் கையில் எடுத்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

பழைய ஏற்பாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். டெக்னிகான் என்ற பழைய தொழில்நுட்பக் கல்லூரிகளின் காலத்திலிருந்து வந்த தேசியப் பட்டயத்தில் நான்கு செமஸ்டர் வகுப்புப் படிப்பும், அதன்பின் ஆறு மாதப் பணியிடப் பயிற்சிகள் இரண்டும் இருந்தன. மாணவர்கள் அதை ‘இன்-சர்வீஸ்’ என்றே சொல்வார்கள். எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தாலும் இந்த ஓராண்டுப் பயிற்சியை முடிக்காதவருக்குப் பட்டயம் இல்லை. இடம் தேடும் பொறுப்போ நடைமுறையில் மாணவர் தலையிலேயே விழுந்தது. துறையின் அலுவலகச் சுவரில் நிறுவனங்களின் தொலைபேசி எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். அதோடு துறையின் உதவி முடிந்துவிடும். விளைவாக, தேர்வுகளை எல்லாம் முடித்துவிட்டு, இடம் கிடைக்காத ஒரே காரணத்தால் பட்டயம் பெறாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் சேர்ந்துகொண்டே போனார்கள். அவர்கள் பட்டதாரிகளும் அல்லர், மாணவர்களும் அல்லர். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

யாருக்கு இடம் கிடைத்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் செறிந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள நம் குடும்பங்களில், ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு மாமாவோ பெரியப்பாவோ பராமரிப்புப் பிரிவில் இருப்பார். காவடித் திருவிழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, “இந்தப் பிள்ளைக்கு உங்க பிளான்ட்ல ஆறு மாசம் இன்-சர்வீஸ் வாங்கித் தர முடியுமா, அண்ணே?” என்று கேட்பவர்களை நான் ஒவ்வொரு ஆண்டும் சந்தித்திருக்கிறேன், கேட்டவர்களுக்கு என்னால் ஆனதைச் செய்தும் இருக்கிறேன். ஆனால் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசிப் பகுதியிலிருந்தோ மாகாணத்தின் வடபகுதிக் கிராமத்திலிருந்தோ வந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய மாணவிக்கு அப்படிக் கேட்பதற்கு ஆள் கிடையாது. பட்டயத்தின் கடைசிக் கட்டம் உறவுமுறையால் தீர்மானிக்கப்படும்படி ஒரு படிப்பு வடிவமைக்கப்பட்டிருந்தது என்பதுதான் உண்மை.

நாட்டு நிலவரத்தையும் மறந்துவிடக் கூடாது. அரசின் காலாண்டுத் தொழிலாளர் ஆய்வுகளில் வேலையின்மை பல ஆண்டுகளாக 30 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. 15 முதல் 34 வயது வரையுள்ளவர்களிடையே அது 40 விழுக்காட்டையும் தாண்டுகிறது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களிடையே இது ஏறக்குறைய பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருப்பதால், ‘பட்டதாரிகளுக்கு வேலை இல்லை’ என்ற பொதுப் பேச்சு அரைகுறையானது. முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் உள்ள இடைவெளிதான் பெரியது. ஆகவே படிப்பின் முடிவில் ஒருவரைத் தொங்கலில் விடுவது சின்ன நிர்வாகக் குறை அல்ல.

மாற்றத்துக்கான வாய்ப்பு மேலிருந்து வந்தது. 2013இல் திருத்தப்பட்ட உயர்கல்வித் தகுதிகளின் கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை 360 கிரெடிட் கொண்டதாக வரையறுத்தது. ஒரு கிரெடிட் பத்து மணி நேரப் படிப்புக்குச் சமம். ஆக மொத்தம் 3,600 மணி நேரம். பழைய தேசியப் பட்டயங்களில் புதிய மாணவர்களைச் சேர்ப்பது 2019ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அந்தக் கட்டமைப்பில் பலரும் படிக்காமல் கடந்துபோன ஒரு விதி உண்டு: பணியிடப் பயிற்சிக்குக் கிரெடிட் வழங்கும் படிப்பை நடத்தும் நிறுவனமே மாணவருக்கு இடம் தேடித் தர வேண்டும், பயிற்சி முறையாக வடிவமைக்கப்பட்டு, மேற்பார்வையிடப்பட்டு, மதிப்பிடப்பட வேண்டும். சுவரில் தொலைபேசி எண் ஒட்டும் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. இதைக் கண்டு பல துறைகள் பயிற்சியையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டன. இடம் தேட வேண்டாம், பொறுப்பும் வேண்டாம் என்ற கணக்குதான் அது. நாம் பேசும் துறையிலும் அந்த யோசனை வந்தது. குழுவில் கடும் வாக்குவாதத்துக்குப் பின்னரே கைவிடப்பட்டது.

அதற்கு முன்பு, பழைய படிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, துறை ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தது. மூன்றாம் ஆண்டில் ‘வேலைவாய்ப்புத் திறன்கள்’ என்று ஒரு பாடம் சேர்க்கப்பட்டது. தன்விவரக் குறிப்பு எழுதுவது, நேர்காணலுக்கு உடுத்துவது, குழுவாகச் செயல்படுவது பற்றிப் படக்காட்சிகள், கடைசியில் பலவிடைத் தேர்வு. மாணவர்கள் எல்லாரும் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். எங்கள் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்தவர்களிடம் அதனால் ஒரு மாற்றத்தையும் நாங்கள் காணவில்லை. குழுவாகச் செயல்படுவதன் ஐந்து கட்டங்களைப் பட்டியலிடத் தெரிந்த இளைஞர், இரவு ஷிப்ட்காரர் விட்டுச்சென்ற பழுதுக் குறிப்பைப் படித்துப் பார்க்காமலே இயந்திரத்தைத் திறந்துவிடுவார். அந்தப் பாடத்தை நடத்திய விரிவுரையாளரைக் குறை சொல்ல முடியாது. தொழிலிலிருந்து தனியே பிரித்தெடுத்து அவர் கையில் கொடுக்கப்பட்ட பொருள் அவ்வளவுதான்.

திருப்பம், முதலாளிகளிடம் கேட்கும் முறையை மாற்றியதில் தொடங்கியது. அதுவரை துறை ஆண்டுதோறும் ஒரு வினாத்தாள் அனுப்பும்: பட்டதாரிகளிடம் எந்தப் பண்புகளை எதிர்பார்க்கிறீர்கள்? நாங்களும் ஆண்டுதோறும் ஒரே பதிலை எழுதுவோம்: தகவல் தொடர்புத் திறன், சிக்கல் தீர்க்கும் திறன், பொறுப்புணர்வு. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு பாடத்தை வடிவமைக்க முடியாது. புதிதாகப் பொறுப்பேற்ற துறைத் தலைவர் வேறு விதமாகக் கேட்டார். “போன ஆண்டு நீங்கள் எடுத்த புதிய ஆளுக்கு முதல் மூன்று மாதங்களில் என்னென்ன வேலை கொடுத்தீர்கள்? எந்த வேலையை அவரிடம் தனியே விடப் பயந்தீர்கள், ஏன்?” என்று ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து கேட்டு எழுதிக்கொண்டார். அப்போதுதான் எங்கள் பதில்களின் உள்ளடக்கம் வெளிவந்தது. நாங்கள் ‘தகவல் தொடர்பு’ என்று எழுதியதன் பொருள் மேடைப்பேச்சு அல்ல; ஷிப்ட் முடியும்போது அடுத்து வருபவருக்குப் புரியும்படி நான்கு வரி எழுதிவைப்பது. ‘சிக்கல் தீர்ப்பது’ என்றால், நின்றுபோன ஒரு மோட்டாரின் முன்னால் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பது. மோட்டாரை ஓடத் தொடங்கவைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரின் சுற்றுப்படத்தைத் தூக்கத்திலும் வரைந்து காட்டக்கூடியவர், அதே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவைத்து, காண்டாக்டர் என்ற காந்தச் சுவிட்ச் ஏன் இழுக்கவில்லை என்று மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தால் திகைத்து நிற்பார் என்பதை எல்லாத் தொழிற்சாலைக்காரர்களும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

காரணம் சோதனைக்கூடத்தில் இருந்தது. பழைய செய்முறைத் தாளில் எல்லாமே முன்கூட்டியே தரப்பட்டிருக்கும்: எந்தக் கம்பியை எங்கே இணைப்பது, எந்த அளவீடு வர வேண்டும், எப்படி வரைபடம் போடுவது. கருவி பழுதாக இருந்தால் உதவியாளர் வந்து மாற்றிக் கொடுப்பார். பழுது என்பது செய்முறைக்கு இடையூறாகவே கருதப்பட்டது. ஆனால் பராமரிப்புத் தொழில்நுட்பவியலாளருக்குப் பழுதுதான் வேலை. மூன்று ஆண்டுகள் பழுதே இல்லாத இயந்திரங்களோடு பழகியவரை, பழுதான இயந்திரத்தின் முன் நிறுத்திவிட்டு, திறமை இல்லை என்று நாம் சலித்துக்கொண்டிருந்தோம்.

புதிய வடிவமைப்பு கடைசித் தேர்விலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டது. படிப்பின் முடிவில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கு முந்தைய ஆண்டில் என்ன தெரிந்திருக்க வேண்டும், அதற்கும் முன்பு என்ன என்று இறங்கி வந்தார்கள். மூன்றாம் ஆண்டின் மையத் தேர்வை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓர் அறையில் சிறிய கன்வேயர் ஒன்று. மூன்று-ஃபேஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், பெட்டிகள் வருவதைக் கண்டறியும் ஒளிச் சென்சார்கள், எல்லாவற்றையும் இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி. விரிவுரையாளர் முன்கூட்டியே ஒரு சென்சாரின் கண்ணாடியில் கிரீஸ் தடவி வைத்திருந்தார். கன்வேயர் ஓடவில்லை, பெட்டி அடைத்துக்கொண்டது என்று திரை சொல்கிறது, ஆனால் பட்டையின் மேல் பெட்டியே இல்லை. பெரும்பாலான குழுக்கள் நேராக மடிக்கணினியைத் திறந்து நிரலில் டைமரை மாற்றத் தொடங்கின. ஒரு குழு மட்டும் பி.எல்.சி.யின் உள்ளீட்டு விளக்குகளைப் பார்த்தது. பெட்டி இல்லாதபோதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்தக் குழுவில் ஒருவர் சட்டென்று சென்சாரிடம் போய்த் தன் சட்டைக் கையாலேயே கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கணமே பட்டை அவர் கைக்கு அருகில் ஓடத் தொடங்கியது. பழுதை மற்ற எல்லாரையும்விட விரைவாகக் கண்டுபிடித்தது அந்தக் குழுதான். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றதும் அந்தக் குழுதான். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை தொங்கவிடாமல் நகரும் இயந்திரத்தைத் தொட்டதற்கு மதிப்பீட்டுத் திட்டத்தில் மன்னிப்பே கிடையாது. 1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தை வகுப்பில் படித்து எழுதியவர்கள்தான் அவர்கள். படித்தது கைக்கு வந்துசேரவில்லை என்பதை அந்த ஒரு மதிப்பெண் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கண்டிப்பு அதிகம் என்று சில பெற்றோர்கள் முறையிட்டார்கள். எனக்கு அந்தக் கண்டிப்பில் எந்த ஐயமும் இல்லை.

அதே தேர்வில் இன்னொரு அமைப்பும் உண்டு. ஒரு குழு பாதி நேரம் வேலை பார்த்துவிட்டு வெளியேற வேண்டும். அடுத்த குழு உள்ளே வரும். இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. முதல் குழு விட்டுச்சென்ற குறிப்பேடு மட்டுமே இணைப்பு. இரண்டாம் குழு எவ்வளவு தூரம் முன்னேறியது என்பதைப் பொறுத்து முதல் குழுவுக்கும் மதிப்பெண் உண்டு. தொடக்கத்தில் குறிப்புகள் படு மோசமாக இருந்தன: ‘சென்சார் செக் பண்ணினோம், சரி’ என்ற அளவில், எந்தச் சென்சார், எப்படிச் சரிபார்த்தது, எந்த அளவீடு வந்தது என்பது எதுவும் இல்லாமல். ஒரு செமஸ்டருக்குள் அது மாறிவிட்டது. விரிவுரையாளர் சிவப்பு மையால் எழுதிய குறிப்புகளால் அல்ல. அடுத்த குழுவில் இருந்த நண்பர்கள் சண்டைக்கு வந்ததால். சூலு தாய்மொழியாகக் கொண்டவரும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவரும் கலந்த வகுப்பில், இலக்கணத்தைப் பற்றிய கவலையைவிட, படிப்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்ற கவலை முன்னுக்கு வந்தது. தனியாக நடத்தப்பட்ட தகவல் தொடர்புப் பாடத்தை அதன்பின் எடுத்துவிட்டார்கள்.

எதை எடுப்பது என்பதுதான் பாடத்திட்ட வேலையில் மிகக் கசப்பான பகுதி. 3,600 மணி நேரம் என்பது நீட்ட முடியாத பாத்திரம். ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் தன் பாடம் உயிர். தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்த யோசனைகளும் எல்லாம் நல்லவை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். கணிதத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று எங்களில் ஒருவர் வற்புறுத்தினார். பராமரிப்பு வேலையில் டிஃபரன்ஷியல் சமன்பாடு எங்கே வருகிறது என்பது அவர் வாதம். துறை மறுத்தது, சரியாகவே மறுத்தது. தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தின் அங்கீகாரம், தொழில்நுட்பவியலாளருக்கான சிட்னி உடன்பாடு, தொழில்நுட்ப வல்லுநருக்கான டப்ளின் உடன்பாடு ஆகிய பன்னாட்டு அங்கீகார உடன்பாடுகளோடு இணைந்தது. அங்கீகாரம் போய்விட்டால் மேற்படிப்பும் வெளிநாட்டு வாய்ப்பும் மாணவருக்குச் சிக்கலாகும். முதல் வேலைக்குத் தேவைப்படாத கணிதம், ஐந்தாண்டு கழித்து வடிவமைப்புப் பிரிவுக்கு மாற விரும்புபவருக்குத் தேவைப்படும்.

பி.எல்.சி. விஷயத்திலும் இதே மோதல். ஒவ்வொரு நிறுவனமும் தான் வாங்கிவைத்திருக்கும் தயாரிப்பையே கற்பிக்கச் சொன்னது. துறை, ஐ.இ.சி. 61131-3 என்ற பன்னாட்டுத் தரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டது. லேடர் வரைபடம், ஃபங்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் முதலிய நிரல் மொழிகளை அந்தத் தரம் வரையறுக்கிறது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் பெரும்பாலும் அவற்றின் ஏதோ ஒரு வடிவத்தையே பயன்படுத்துகிறது. மாணவர் குறைந்தது இரண்டு வெவ்வேறு தயாரிப்புகளில் ஒரே நிரலை எழுத வேண்டும் என்று விதித்தார்கள். ஒரு முதலாளியின் இன்றைய தேவைக்கு ஆளைத் தைத்துக் கொடுப்பது அந்த முதலாளிக்கு வசதி. அவர் ஆலையை மூடினால் அந்த ஆள் என்ன செய்வார்?

அந்தக் கேள்வி வெறும் கற்பனை அல்ல என்பதை 2022 ஏப்ரல் வெள்ளம் காட்டியது. டர்பனின் தெற்கே புரோஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா ஆலை நீரில் மூழ்கி, மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. அதற்கு உதிரிபாகங்கள் தரும் சிறு ஆலைகளும் முடங்கின. அந்த வட்டாரத்தை நம்பியிருந்த பயிற்சி இடங்கள் ஒரே இரவில் இல்லாமல் போயின. ஒரு பெரிய ஆலையையும் அதன் சுற்றத்தையும் மட்டும் நம்பிப் பணியிடப் பயிற்சியைக் கட்டுவது எவ்வளவு பலவீனமான அடித்தளம் என்பது அப்போது எல்லாருக்கும் உறைத்தது.

துறை தன் பார்வையைச் சிறிய இடங்களுக்குத் திருப்பியது. துறைமுகத்தை ஒட்டிய குளிர்பதனக் கிடங்குகள், மருத்துவமனைகளின் பராமரிப்புப் பிரிவுகள், நீரேற்று நிலையங்கள், ரொட்டி ஆலைகள் என ஒவ்வொன்றிலும் ஓரிருவருக்கு இடம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கரும்பாலைகளோடு செய்யப்பட்டது. நம் முன்னோர் 1860 முதல் கப்பலேறி வந்ததே இந்தக் கரும்புக்காகத்தான். இன்றும் மாகாணக் கடற்கரையோரம் ஆலைகள் இருக்கின்றன. அரவைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடியும். அரவை நடக்கும்போது ஒரு மாணவரை அனுப்பினால், ஓடும் ஆலையில் அவரைத் தொட விடமாட்டார்கள். ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவார். அரவை முடிந்த மாதங்களில்தான் மோட்டார்களையும் பேனல்களையும் கழற்றி, சுத்தம் செய்து, சோதித்து, மீண்டும் பூட்டுவார்கள். பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியோ பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிவது. துறை, பயிற்சியின் ஒரு பகுதியை டிசம்பருக்குப் பிந்தைய மாதங்களுக்கு நகர்த்தியது. நிர்வாகத்தில் இதற்கு ஒப்புதல் வாங்குவதற்குள் துறைத் தலைவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. விடுதி அறை முதல் காப்பீடு வரை எல்லா விதிகளும் வகுப்பு நாட்களை வைத்தே எழுதப்பட்டிருந்தன.

பயணச் செலவும் இதில் உண்டு. விடியற்காலை ஷிப்ட்டுக்கு இரண்டு மினிபஸ் டாக்சி மாறிப் போக வேண்டிய மாணவருக்கு, உதவித்தொகை மாதக் கடைசியில் வந்தால் பயனில்லை. நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் 1 விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகச் செலுத்துகின்றன. அதிலிருந்து துறைவாரிப் பயிற்சி ஆணையங்கள் வழியாகப் பயிற்சி உதவித்தொகை பெற வழி இருக்கிறது. ஆனால் அந்த விண்ணப்பங்களை நிரப்பச் சிறு ஆலைகளிடம் ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. துறையின் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் அந்தக் காகித வேலையைத் தானே செய்து கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் பல கதவுகள் திறந்தன. பாடத்திட்டக் கூட்டங்களில் யாரும் பேசாத இந்த வேலைக்குப் பட்டதாரியின் வாழ்க்கையில் இருக்கும் எடை, சில பாடங்களுக்குக் கூட இல்லை என்பது என் கணிப்பு.

பலன் என்ன என்று கேட்டால் அளந்து பேச வேண்டும். எங்கள் தொழிற்சாலைக்கு வரும் புதியவர்கள் பூட்டும் அட்டையும் இல்லாமல் இயந்திரத்தைத் தொடுவதில்லை. அவர்கள் எழுதும் ஷிப்ட் குறிப்பைப் பழைய ஆட்களே மாதிரியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். பயிற்சிக்கு இடமில்லாததால் பட்டயம் நின்றுபோனவர் என்ற நிலை புதிய படிப்பில் இல்லை. இடம் கிடைக்காதவருக்கு வளாகத்திலேயே மேற்பார்வையோடு கூடிய திட்டப்பணி உண்டு. ஆனால் வேலை கிடைத்ததா என்பதை இந்தத் துறை இப்போதும் பட்டமளிப்பு விழா நாளில் தரும் படிவத்தை வைத்தே கணக்கிடுகிறது. அன்றைக்கு வேலையில் இருப்பவர் பெரும்பாலும் தொடர்பு உள்ளவர். உண்மையான வித்தியாசம் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். வளாகத் திட்டப்பணி முடித்தவரும் ஆலைப் பயிற்சி முடித்தவரும் அதற்குள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்காத வரை, திட்டப்பணி ஒரு சமமான வழியா, அல்லது மரியாதையான பெயர் வைக்கப்பட்ட இரண்டாம் தரமா என்று சொல்ல முடியாது. நான் இரண்டாவதற்கே அஞ்சுகிறேன்.

விரிவுரையாளர்களின் சுமையும் தீரவில்லை. ஒரு வகுப்பு முழுவதையும் கன்வேயர் முன் நிறுத்தி மதிப்பிடுவது, விடைத்தாள் திருத்துவதைப் போல வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வேலை அல்ல. எங்கள் தொழிற்சாலைகளிலிருந்து மூத்த தொழில்நுட்பவியலாளர்களை மதிப்பீட்டாளர்களாக அனுப்புவது பற்றி இப்போது பேச்சு நடக்கிறது. அனுப்பத் தயார் என்று கரும்பாலைகள் சொல்லிவிட்டன. அரவைக் காலத்தில் மட்டும் முடியாது என்கின்றன. மூன்றாம் ஆண்டுத் தேர்வோ அரவை உச்சத்தில் இருக்கும் அக்டோபரில் வருகிறது. அதை எந்த மாதத்துக்கு நகர்த்துவது என்பது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக இருக்கிறது.